நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? கிருமியின் பிடிமயிர் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. வயது 34. தருமபுரி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் கறவை மாடுகள் இருக்கின்றன. ஒரே வருஷத்தில் எனக்கு நான்கு தடவை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. முதல் மூன்று தடவையும் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். எரிச்சல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவேன். நான்காம் தடவை டாக்டர் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொன்னார், ஈ.கோலை என்று ரிப்போர்ட் வந்தது. “இந்தக் கிருமிக்கு மயிர் மாதிரி ஒண்ணு இருக்கும்மா, அதை வச்சு உள்ளே ஒட்டிக்கும்” என்றார். கூட்டமாக இருந்ததால் மேலே கேட்கவில்லை.

சுத்தபத்தமாக இல்லாததால்தான் வருகிறது என்கிறார் மாமியார். அதனால் தினமும் கிருமிநாசினி கலந்து கழுவுகிறேன், அப்படியும் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா உடம்புச் சூடு என்கிறார். கடையில் டாய்லெட் மேல்மாடியில், போனால் சூப்பர்வைசர் முறைப்பார். போன வருஷம் பிறந்த கன்று மூன்றாம் நாளே கழிச்சலில் செத்துப்போனது. அதுவும் ஈ.கோலைதான் என்றார் கால்நடை டாக்டர். மாட்டிடமிருந்து எனக்கு வந்ததா? அந்த மயிரை அழிக்க மருந்து இல்லையா? ஆன்லைனில் டி-மேனோஸ் என்று ஒரு பொடி விற்கிறார்கள், வாங்கலாமா?

— வாசகி, காரிமங்கலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் நோயைவிட அதுதான் உங்களை அதிகம் வாட்டியிருக்கிறது என்று படுகிறது.

ஈ.கோலை வெளியிலிருந்து வந்து உங்களைப் பிடித்த அழுக்கு அல்ல. பிறந்த சில நாட்களிலேயே ஒவ்வொருவர் குடலிலும் குடியேறி, சாகும்வரை கூடவே இருக்கும் கிருமி அது. உங்கள் மாமியார் குடலில் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு கிடையாது. மலத்துளையைச் சுற்றியுள்ள தோலுக்கு வந்து, அங்கிருந்து சிறுநீர்த் துளை வழியாக ஏறும்போதுதான் வம்பு. ஆணுக்குச் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம், பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த நான்கு சென்டிமீட்டர் மாறப்போவதில்லை. சாதாரண நீர்க்கடுப்பில் நான்கில் மூன்று பங்குக்கு ஈ.கோலைதான் காரணம். இன்னொன்றும் அவரிடம் சொல்லலாம், சண்டைக்கு அல்ல, தகவலுக்கு: மாதவிடாய் நின்ற வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இது வரும் வாய்ப்பு இன்னும் கூடும். அந்த வயதினருக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நல்ல பலன் தரும், டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும்.

கிருமிநாசினியை இன்றோடு நிறுத்துங்கள். பெண்ணுறுப்பில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமிகள் அமிலத்தைச் சுரந்து ஈ.கோலையை அண்டவிடாமல் வைத்திருக்கின்றன. நீங்கள் ஊற்றும் மருந்து முதலில் அவற்றைத்தான் கொல்லும். காவல் போன இடத்தில் ஈ.கோலை சுலபமாகக் குடியேறும். வெறும் தண்ணீர் போதும். கழுவும்போது கை முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது அந்த மயிர். உங்கள் டாக்டர் சொன்னது வெறும் உவமை இல்லை, உண்மையாகவே இருப்பது. பாக்டீரியாவின் மேல் முளைத்திருக்கும் இந்த இழைகளைப் பைலை என்கிறோம், ஒற்றை இழை பைலஸ். ஒரு ஈ.கோலையின் நீளம் சுமார் இரண்டு மைக்ரோமீட்டர். அதன் உடம்பைச் சுற்றிச் சில நூறு இழைகள் நிற்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அந்தக் கிருமியின் நீளமே இருக்கும். ஆனால் தடிமன் ஏழு நானோமீட்டர்தான். நம் தலைமுடியில் ஒன்றைப் பத்தாயிரமாகக் கிழித்தால் கிடைக்கும் தடிமன். எங்கள் லேபில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரியும், மயிர் தெரியாது. அதற்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். நீந்துவதற்கு ஈ.கோலைக்குத் தனியாக வால்கள் உண்டு. இந்த இழைகளின் வேலை நீந்துவது அல்ல, பிடிப்பது.

உங்கள் வழக்கில் முக்கியமான குற்றவாளி டைப் 1 பைலஸ் என்ற வகை. அதன் உடல் முழுக்க ஃபிம்ஏ என்ற ஒரே புரதத் துண்டு ஐந்நூறு, ஆயிரம், சில சமயம் அதற்கும் மேல் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள்வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். நுனியில் மட்டும் ஃபிம்ஹெச் என்ற வேறொரு புரதம், ஓர் இழைக்கு ஒன்றே ஒன்று. ஒட்டும் வேலை முழுவதும் அந்த ஒற்றை நுனிப் புரதத்தினுடையது.

இதைக் கிருமி கட்டும் விதம் எனக்கு இன்றைக்கும் அலுக்காத விஷயம், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஈ.கோலைக்கு உள்ளே ஒரு சவ்வு, வெளியே ஒரு சவ்வு. செய்த துண்டுகளை இரண்டுக்கும் நடுவில் ஒரு துணைப் புரதம் வாங்கி, வெளிச்சவ்வில் இருக்கும் வாசலுக்குக் கொண்டுபோகும். நுனிதான் முதலில் வெளியே போகும். பின்னாலேயே மற்றத் துண்டுகள் வரிசையாகப் போகும். ஒவ்வொரு துண்டும் முழுமையில்லாமல்தான் பிறக்கிறது, அதன் மடிப்பில் ஒரு பட்டை குறைவு. அந்தக் குறையைத் துணைப் புரதம் தற்காலிகமாக நிரப்பி வைத்திருக்கும். வாசலில் அடுத்த துண்டு தன் வாலை நீட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதும் துணைப் புரதம் கழன்றுவிடும். இப்படி ஒன்றின் குறையை அடுத்தது நிரப்பி, நிரப்பியே முழு இழையும் வளர்கிறது. ஒருமுறை கோத்துவிட்டால் பிரிப்பது மிகக் கடினம்.

இனி உங்கள் சிறுநீர்ப்பைக்கு வருவோம். அதன் உள்சுவரின் மேல்வரிசைச் செல்கள் யூரோபிளாகின் என்ற புரதத்தால் மூடப்பட்டவை. அந்தப் புரதத்தின் மேல் மேனோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. ஃபிம்ஹெச் நுனியில் ஒரு சின்னக் குழி உண்டு, அது சரியாக மேனோஸ் உட்காரும் அளவு. சர்க்கரையும் குழியும் பொருந்திவிட்டால் கிருமி அங்கேயே நங்கூரமிட்டது என்று அர்த்தம்.

“சிறுநீர் போகும் வேகத்தில் அடித்துக்கொண்டு போகாதா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பிடி, கன்றைக் கட்டும் சுருக்குமுடிச்சு மாதிரி, இழுக்க இழுக்க இறுகும். நீரோட்டம் இழுக்கும்போது ஃபிம்ஹெச்சின் இரண்டு பாகங்களும் சற்று விலகும். விலகியதும் நுனிக் குழி சர்க்கரையின் மேல் கெட்டியாக மூடிக்கொள்ளும். இழுப்பு நின்றால் பிடி தளரும். அப்போது கிருமி மெல்ல நகர்ந்து வேறு இடம் பார்க்கும். போதாததற்கு, நீர் வேகமாகப் போகும்போது பைலஸின் சுருள் பிரிந்து பல மடங்கு நீளும், அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும், ஓட்டம் நின்றதும் மறுபடி சுருண்டுகொள்ளும். நீர் பாயும் இடத்தில் வாழ்வதற்கென்றே அமைந்த கருவி.

அப்படியானால் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி போவதால் என்ன பயன் என்று குழம்ப வேண்டாம். பயன் இருக்கிறது. ஒட்டிக்கொண்டவை கொஞ்சம், ஒட்டாமல் நீரில் மிதப்பவை ஏராளம். அவை வெளியேறிவிடும். தவிர, நம் சிறுநீரகமே யூரோமோடுலின் என்ற புரதத்தைத் தினமும் சிறுநீரில் கலந்து அனுப்புகிறது. அதன் மேலும் மேனோஸ் இருக்கிறது. சிறுநீர்ப்பைச் சுவர் என்று நினைத்துக் கிருமி அதைப் பிடித்துக்கொள்ளும், அதோடு சேர்ந்து வெளியே போய்விடும். ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் நீங்கள் போனால்தான் வேலை செய்யும். வசதியான சூழலில் ஈ.கோலை இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அரை மணி என்றே வைத்துக்கொள்வோம். காலை பதினொரு மணிக்குப் போக வேண்டியதை நாலு மணிவரை அடக்கினால், ஒன்று இருந்த இடத்தில் ஆயிரம் இருக்கும்.

சூப்பர்வைசர் முறைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்தது. உட்காரும் உரிமைக்கே சட்டம் தேவைப்பட்ட தொழில் இது, மாடிப்படி ஏறிப் போவதற்கு முறைப்பில் ஆச்சரியமில்லை. வேண்டுமானால் உங்கள் டாக்டரிடம் “மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும்” என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கடையில் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களோடு நிற்கும் மற்றப் பெண்களுக்கும் அது உதவும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன உடம்புச் சூட்டை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். சூடு கிருமியை உண்டாக்காது. ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்வையாகப் போய், தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் குறையும், கெட்டியாகும், போகும் தடவையும் குறையும். அக்கா வேறு பெயரில் சரியான காரணத்தைத்தான் தொட்டிருக்கிறார். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப்பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் அதிகம் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவையும், மற்றவர்களுக்கு 3.2 தடவையும் வந்தது. காசில்லாத வைத்தியத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

தண்ணீர் என்றதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பயம் வரும், அது நியாயமான பயம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு கூடுதலாக உள்ள ஊர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிறைய. பல்லில் பழுப்புக் கறையும் வளைந்த கால்களும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் கூடுதலாகக் குடிக்கும் ஒன்றரை லிட்டர் 2013 முதல் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீராக இருக்கட்டும், போர் தண்ணீராக வேண்டாம். போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

அடுத்து, மாத்திரை போட்டும் ஏன் திரும்பி வருகிறது என்பது. இங்கேதான் பைலையின் இரண்டாவது வேலை. ஃபிம்ஹெச் பிடித்ததும் சுவர்ச் செல் அந்தக் கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனது செல்லுக்குள் கூட்டமாகப் பெருகுகிறது. எலிகளில் இதை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள், நீர்க்கடுப்பு உள்ள பெண்களின் சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களிலும் அதே கூட்டங்களைக் கண்டிருக்கிறார்கள். உடம்பும் சும்மா இருப்பதில்லை, கிருமி புகுந்த மேல்வரிசைச் செல்களையே உதிர்த்துத் தள்ளுகிறது. எலிகளில், அப்படி உதிரும்போது வெளிப்படும் அடிவரிசைச் செல்களில் சில கிருமிகள் புகுந்து பெருகாமல் முடங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீரில் மிதப்பவற்றை மாத்திரை கொன்றுவிடும், எரிச்சலும் நின்றுவிடும். செல்லுக்குள் பதுங்கியவற்றை எல்லா மருந்தும் எட்டுவதில்லை. எரிச்சல் நின்ற அன்றே நீங்கள் மாத்திரையை நிறுத்தியது அவற்றுக்கு வசதியாகப் போயிருக்கும். திரும்பி வருவதெல்லாம் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. பலருக்குக் குடலிலிருந்து புதிதாகவும் ஏறி வரும்.

கிருமி இன்னொரு தந்திரமும் வைத்திருக்கிறது. டைப் 1 பைலையை உண்டாக்கும் மரபணுக்களுக்கு முன்னால் 314 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கிறது. அது ஒரு பக்கம் திரும்பியிருந்தால் மயிர் முளைக்கும். தலைகீழாகப் புரண்டால் முளைக்காது. ஒரே கூட்டத்தில் சில மயிரோடும் சில மொட்டையாகவும் இருக்கும். ஒட்ட வேண்டிய நேரத்தில் மயிருள்ளவை பிழைக்கும், நம் எதிர்ப்புச் செல்கள் தேடி வரும்போது மொட்டைகள் தப்பிக்கும்.

டைப் 1 பைலை ஏறக்குறைய எல்லா ஈ.கோலையிடமும் உண்டு, சாதுவானவற்றிடமும் கூட. நோய் உண்டாக்கும் வகைகளில் பலவற்றிடம் பி பைலை என்ற இன்னொன்றும் இருக்கும். அதன் நுனி தேடுவது மேனோஸை அல்ல, சிறுநீரகச் செல்களின் மேல் இருக்கும் வேறொரு சர்க்கரைச் சங்கிலியை. அந்தச் சங்கிலி பி (P) என்ற ரத்த வகையைச் சேர்ந்தது, ஏ, பி, ஓ என்று சொல்லும் பி (B) அல்ல. மிக அரிதாகச் சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, பி பைலைக்கு அவர்கள் உடம்பில் பிடிக்க ஏதுமில்லை. மற்ற நம் எல்லோருக்கும் எச்சரிக்கை ஒன்றுதான்: எரிச்சலோடு குளிர்காய்ச்சல், விலாப்பக்கம் அல்லது முதுகில் வலி, வாந்தி வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கர்ப்பமாக இருந்தால் எரிச்சலே இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி தெரிந்தால் வைத்தியம் தேவை.

கன்று விஷயம். செத்துப்போனதற்கு வருத்தம்தான். ஆனால் அதிலிருந்து உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல நல்ல காரணம் இருக்கிறது, அதுவும் இந்த மயிர்தான். பிறந்த சில நாட்களில் கன்றைக் கழிச்சலில் கொல்லும் ஈ.கோலைக்கு கே99 என்ற பைலை இருக்கும். அது பிடிப்பது கன்றின் சிறுகுடலில் உள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையின் ஒரு வகையை. மனித உடம்பு அந்த வகையைத் தயாரிப்பதே இல்லை. பரிணாமத்தில் அந்த மரபணு நமக்கு என்றோ பழுதாகிவிட்டது. கன்றிலும்கூட வயது கூடக் கூட அந்தக் கிருமி பிடிக்கும் இடங்கள் குறைந்துகொண்டே போகும். முதல் சில நாட்களோடு ஆபத்து பெரும்பாலும் முடிவதற்கு அது ஒரு காரணம். பன்றிக்குட்டிகளுக்கு கே88 என்று வேறொரு பைலை. சில பன்றிகளின் குடலில் அது பிடிக்கும் புரதம் இல்லை, அவற்றுக்கு அந்தக் கழிச்சல் வராது. ஈ.கோலை என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும், எந்த மயிர், எந்தச் சர்க்கரை என்பதுதான் யாருக்கு எங்கே நோய் என்று தீர்மானிக்கிறது.

அடுத்த ஈற்றுக்கு ஒன்று சொல்கிறேன், நான் மாட்டு டாக்டர் இல்லை என்றாலும். கன்று பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. அது கன்றுக்கு நல்லதல்ல. சினை மாட்டுக்குக் கடைசி மாதங்களில் கே99 பைலைக்கு எதிரான ஊசி போடும் முறையும் உலகில் பல இடங்களில் உண்டு. மாட்டின் உடம்பில் உருவாகும் எதிர்ப்பு சீம்பாலில் இறங்கி, கன்றின் குடலில் கிருமியின் மயிர்களை மூடிவிடும். கிடைக்குமா என்று உங்கள் கால்நடை டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

கன்றுக்கு ஊசி இருக்கும்போது எனக்கு ஏன் இல்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். கன்றின் குடலைப் பால் நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருக்கிறது, எதிர்ப்புப் புரதமும் கூடவே போகிறது. சிறுநீர்ப்பைக்குள் அந்த அளவுக்கு அது வந்து சேர்வதில்லை. ஃபிம்ஹெச்சை வைத்துத் தடுப்பூசி செய்யும் முயற்சி நடக்கிறது. நுனிக் குழியை அடைத்துவிடும் மாத்திரைகளுக்கும் முயற்சி நடக்கிறது. கடையில் வாங்கும் நிலைக்கு எதுவும் வரவில்லை. பைலைக்கு எதிரான ஊசி சுலபமில்லை என்பதற்கு மேகவெட்டை உண்டாக்கும் கிருமி நல்ல உதாரணம். அதன் பைலை வேறு ரகம், நீட்டிப் பிடித்து மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்படியே ஊர்ந்து போகும். அந்தப் புரதத்தின் உருவத்தைக் கிருமி ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்க ராணுவத்தினருக்குப் போட்டுப் பார்த்த தடுப்பூசி அதனால் பலிக்காமல் போனது. காலராவிலும் இப்படி ஒரு பைலை உண்டு, அது இல்லாத காலராக் கிருமி மனிதக் குடலில் தங்க முடியாது.

டி-மேனோஸ் பொடிக்கு வருகிறேன். யோசனை என்னவோ அழகானது. ஃபிம்ஹெச் தேடுவது மேனோஸைத்தானே, அதையே நிறையச் சாப்பிட்டால் சிறுநீரில் மிதக்கும் மேனோஸ் நுனிக் குழிகளை நிரப்பிவிடும், கிருமி சுவரைப் பிடிக்காது என்பது கணக்கு. சோதனைக் கூடத்தில் அது உண்மையும்கூட. ஆனால் இங்கிலாந்தில், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் 598 பெண்களை வைத்து ஆறு மாதம் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். தினம் இரண்டு கிராம் டி-மேனோஸ் சாப்பிட்டவர்களில் 51 சதவீதம் பேருக்கும், வெறும் பொடி சாப்பிட்டவர்களில் 55.7 சதவீதம் பேருக்கும் மறுபடி டாக்டரிடம் போகும் அளவுக்கு வந்தது. கணக்கில் எடுக்கத்தக்க வித்தியாசம் இல்லை. துணிக்கடைச் சம்பளத்தில் அதற்குக் காசு கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. கிரான்பெரி என்ற பழத்துக்கு இதைவிடக் கொஞ்சம் நல்ல சான்று இருக்கிறது, அடிக்கடி வரும் பெண்களுக்கு ஓரளவு குறைக்கிறது. நம் ஊரில் கிடைப்பது விலை கூடின மாத்திரையும் சர்க்கரை போட்ட ஜூஸும்தான். ஜூஸ் வேண்டாம். பார்லித் தண்ணீர், இளநீர், நீர்மோர் எல்லாம் தாராளமாகக் குடியுங்கள், அவை மயிரை ஒன்றும் செய்யாது, தண்ணீர் போய்ச் சேரும், அதுவே போதும். நெருஞ்சில் கஷாயம் போடுகிறவர்களை நான் தடுப்பதில்லை, மாத்திரைக்குப் பதிலாக என்று மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வயதில் அடிக்கடி வருவதற்குத் தாம்பத்திய உறவும் ஒரு காரணம். உறவின்போது கிருமி சிறுநீர்த் துளைக்குள் தள்ளப்படுகிறது. முடிந்ததும் எழுந்துபோய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். பெரிய சான்று இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கெடுதல் ஏதுமில்லை. இது கணவரிடமிருந்து தொற்றும் நோய் இல்லை, அவரையும் சந்தேகப்பட வேண்டாம்.

இனிமேல் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காதீர்கள். நல்ல பிள்ளையாக இருக்கச் சொல்லவில்லை, இதற்கும் ஒரு மயிர்தான் காரணம். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுவைக் கைமாற்றிக்கொள்கின்றன என்று லெடர்பெர்கும் டேட்டமும் 1946-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கென்று இருக்கும் பைலை நம் உடம்புச் செல்லைப் பிடிப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிருமியைப் பிடித்து இழுத்து ஒட்டவைக்கும். அந்த இணைப்பில், மருந்துக்குச் சாகாமல் இருக்கும் மரபணு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். நீங்கள் அரைகுறையாகப் போடும் ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும் குடலில் உள்ள கோடிக்கணக்கான ஈ.கோலையில் மருந்து தாங்குபவற்றை மட்டும் விட்டுவைக்கும். அவை மற்றவற்றுக்கும் கொடுக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் ஈ.எஸ்.பி.எல். (பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சிதைக்கும் கிருமியின் நொதி) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகள் பலிக்காது, எது பலிக்கும் என்று அதே தாளில் கீழே பட்டியல் இருக்கும். அந்தத் தாளைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்துவிட்டதால் உங்களுக்குக் கொஞ்சம் பரிசோதனையும் தேவை. ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள், கல் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் எடுங்கள். இரண்டும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்து வந்தால், சில மாதங்களுக்குத் தடுப்பாகக் குறைந்த அளவு மருந்து கொடுக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். எரிச்சல் எதுவும் இல்லாதபோது ஆசைக்கு ஒரு கல்ச்சர் எடுத்துப் பார்க்க வேண்டாம். ஒட்டத் தெரியாத ஈ.கோலை சிலருக்குச் சிறுநீரிலேயே சும்மா கிடக்கும். கர்ப்பிணி அல்லாதவருக்கு அதைக் கொல்லப் போவது வீண்வேலை.

அடுத்த தடவை எரிச்சல் ஆரம்பித்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சாம்பிள் கொடுத்துவிடுங்கள். மாத்திரை போட்டபின் எடுத்தால் கிருமி வளராமல் போய், ரிப்போர்ட் பொய் சொல்லும். வெறும் தண்ணீரில் கழுவி, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேபில் தரும் மூடியுள்ள டப்பாவில் பிடியுங்கள். வீட்டில் பிடித்துப் பையில் போட்டு, காரிமங்கலத்தில் பஸ்ஸுக்கு நின்று கொண்டுவர வேண்டாம். வெயிலில் வரும் வழியிலேயே கிருமி பெருகி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். லேபுக்கு வந்து, அங்கேயே பிடித்துக் கையோடு கொடுத்துவிடுங்கள்.